உச்சியில் கொட்டிய மண்

மேடு முடிந்துவிட்டது என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட அன்று உச்சிக்கு ஏறிப் போன ஹேயுன், விருந்துக்குக் கீழே இறங்கி வரவில்லை.

முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆளாளுக்கு முதுகு விட்டுப்போயிருந்தது. இலை பழுக்கத் தொடங்கிய நாளில் சதுப்புப் பள்ளத்துப் புல்லைக் கொளுத்தி, அதன்மேல் வெளிறிய வண்டல் மண்ணை மெழுகினாற்போல் பரப்பி ஆரம்பித்த வேலை. மழை இறங்குவதற்குள் முடிக்க வேண்டும் என்று, பல ஆறுகளிலிருந்தும் தோணி ஏறி வந்த ஜனம் ஒருவர் விடாமல் கூடை தூக்கியது. மரங்கள் மொட்டையாகி நின்றபோது, அந்தப் பக்கத்து எந்த மரத்தைவிடவும் உயரமாக மேடு நின்றது. ஒரு பக்கம் செங்குத்தாக, மறு பக்கம் நீளமான சரிவாக, சிறகு விரித்துப் படுத்த பறவைபோல.

அன்று குழிகளில் மண்ணுருண்டைகளைப் பழுக்கக் காய்ச்சி, மேலே மானிறைச்சியும் தாமரைக்கிழங்கும் அடுக்கி மூடியிருந்தார்கள். பிள்ளைகள் ஆமையோட்டில் பீக்கன் மரத்துக் கொட்டைப் பருப்பை வைத்துக்கொண்டு ஒருவர் கையிலிருந்து ஒருவர் பிடுங்கிக்கொண்டிருந்தன.

"ஹேயுன் எங்கே?" என்று யாரோ கேட்டார்கள்.

"மேல தூங்கிட்டான்போல," என்றான் ஒலோ. "எழுப்பாதீங்க. எழுந்தா பேச ஆரம்பிச்சுடுவான், கறி ஆறிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஒலோவின் மனைவி மிஷோலாவும் சிரித்தாள். அவர்கள் கடலோரத்துக்காரர்கள். ஆறு கடலில் கரையும் சதுப்பிலிருந்து காய்ந்த மீனும் சிப்பியும் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள்.

எங்கள் ஜனத்தில் தலைவன் என்று ஒருவன் இருந்ததில்லை. நன்றாகப் பேசுகிறவன் இருப்பான், நன்றாக வேட்டையாடுகிறவன் இருப்பான். கேட்கலாம் என்று தோன்றினால் கேட்பார்கள். தோன்றாவிட்டால் தோணியை அவிழ்த்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒருவன் கொழுத்த மானை அடித்துச் சுமந்துவந்தால், "இந்த எலியைத் தூக்கவா எங்களைக் கூப்பிட்டே?" என்று கேட்பார்கள். அவனும், "எலிதான், எனக்குக் கண்ணு சரியில்ல" என்று சொல்லிச் சிரிக்க வேண்டும். அப்படிச் சிரிக்கிறவன் நல்ல மனிதன்.

ஹேயுன் அப்படிச் சிரித்தவன்தான். வடக்கிலிருந்து ஈட்டிமுனைக்கு வேண்டிய சாம்பல்நிறக் கல்லைக் கொண்டுவருகிறவன். எங்கள் பக்கத்தில் தோண்டினால் மண்தான், கூழாங்கல்கூடக் கிடைக்காது. போன வசந்தத்தில் வெள்ளம் அவன் தம்பியைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு, வருஷாவருஷம் எல்லோரும் இங்கே கூடுகிற கூட்டத்தில், "அந்தப் பள்ளத்திலேதான் தண்ணி முதல்ல வந்து நிக்குது, அதை மூடி மேடாக்குவோம்" என்று பேசியவன் அவன்தான். பேசியதோடு நிற்கவில்லை. விடியும்போது முதல் கூடை அவனுடையது, இருட்டும்போது கடைசிக் கூடையும் அவனுடையது. யாரும் அவனிடம் குறை சொல்ல முடியாது.

ஆனால் மேடு பாதி உயர்ந்தபோதே மிஷோலா ஒன்றைக் கவனித்திருந்தாள். ஒருநாள் ஒலோ, "என்னடா ஹேயுன், இத்தனை பேரை வெச்சு ஒரு எறும்புப் புத்துதான் கட்ட முடிஞ்சுதா?" என்று கேட்டான். ஹேயுன் சிரிக்கவில்லை. ஒலோவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எறும்பு நீ" என்று சொல்லிவிட்டுப் போனான். ஒலோ அதையும் ஒரு வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

விருந்துக்கு மறுநாள் உச்சியில் கம்பங்கள் தெரிந்தன. அதற்கு மறுநாள் நாணல் தட்டிகள் ஏறின. ஹேயுனின் மனைவி பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சரிவில் ஏறிப் போனாள். அவள் அண்ணன் தம்பிகளும் ஈட்டியோடு பின்னாலேயே போனார்கள். அப்புறம் மேலேயிருந்து புகை வந்தது.

அன்று மத்தியானம் மிஷோலா சரிவில் நடந்தாள். பாதி வழியில் அவள் தம்பி தாஷ்கு ஈட்டியை ஊன்றி நின்றிருந்தான். தாய் போன பிறகு அவள் இடுப்பிலேயே வளர்ந்தவன். இப்போது தோள் அகன்ற ஆள். எறிகோலில் ஈட்டியை வைத்து வீசினால் ஓடுகிற மானும் தப்பாது. கழுத்தில் சிவப்புக் கல்லில் செதுக்கிய ஆந்தை ஒன்று புதிதாகத் தொங்கியது.

"எங்கக்கா போறே?"

"மேல."

"மேல எதுக்கு?"

"காத்து வாங்க. அதுக்கு உன்கிட்ட சொல்லிட்டுப் போகணுமா?"

"மேல அவரு இருக்காரு."

"இருக்கட்டும். எடம் பெருசாத்தானே கட்டியிருக்கோம்."

தாஷ்கு தரையைப் பார்த்தான். "யாரும் வர வேணாம்னு சொல்லியிருக்காரு. கறி கொண்டாந்தா இங்கயே வெச்சுட்டுப் போகணும். நான் எடுத்துட்டுப் போய்க் குடுப்பேன்."

"எந்தக் கறி?"

"அடிக்கிற மான்ல தொடைக்கறி மேல வரணும்னாரு."

மிஷோலா அவன் முகத்தையே பார்த்தாள். "எப்பலேருந்துடா அவரு? முந்தாநேத்து வரைக்கும் அவன், இவன்னுதானே பேசிட்டிருந்தே. வயசுல மூத்தவ எனக்கே நீ மரியாதை குடுத்ததில்ல."

அவன் ஈட்டியைக் குறுக்கே பிடித்தான். அவள் நின்ற இடத்திலிருந்து உச்சி தெரிந்தது. ஹேயுன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். அவள் குரல் கேட்டிருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் இறங்கி வந்தாள். கீழே குழியடுப்பருகே மண்ணுருண்டை பிசைந்துகொண்டிருந்த நெப்பி நடந்ததைக் கேட்டுவிட்டு, உதட்டைப் பிதுக்கினாள். நெப்பி மேற்குப் பைன் காட்டுக்காரி. வாய் சும்மா இருக்காது.

"பாரேன், நம்ம முதுகுல ஏறி உக்காந்துட்டு நம்மளையே ஏறாதேங்கறான். அவன் பெண்டாட்டி ஒண்ணுக்குப் போகணும்னாலும் உன் தம்பி ஈட்டியோட கூடவே வருவானா?"

பெண்கள் சிரித்தார்கள். மிஷோலா சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் அவள் கூடையை எடுத்துக்கொண்டு மண் வெட்டுகிற பள்ளத்துக்குப் போனாள். அங்கே யாருமில்லை. மான்கொம்பால் மண்ணைக் கிளறிக் கூடையை நிரப்பினாள். கூடையின் வாரை நெற்றியில் மாட்டி எழுந்து சரிவில் ஏறினாள். தோணிகளுக்குப் பிசின் தடவிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"வேலை முடிஞ்சு போச்சுக்கா," என்றான் தாஷ்கு.

"எனக்கு முடியல. வழி விடு."

"அக்கா, சொன்னாக் கேளு."

அவள் நடந்தாள். அவன் கையை நீட்டித் தள்ளினான். அவன் தள்ளியதுதான் பலமா, கூடையின் பாரம் பின்னுக்கு இழுத்ததா என்று பிறகு பலர் பலவிதமாகச் சொன்னார்கள். மிஷோலா மல்லாந்து, உருண்டு, செங்குத்தான பக்கத்தின் ஓரத்தில் போய் விழுந்தாள். இடது தோளின் காறையெலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

தாஷ்கு ஓடி வரவில்லை. வர நினைத்தவன்போல ஓரடி எடுத்து வைத்தான். பிறகு மேலே பார்த்தான். மேலே ஹேயுன் எழுந்து நின்றிருந்தான். தாஷ்கு நின்ற இடத்திலேயே நின்றான். அவளுக்கு எலும்பைவிட அதுதான் வலித்தது.

நெப்பி அவள் கையை மார்போடு சேர்த்து மான்தோல் வாரால் இறுக்கிக் கட்டினாள். ஒலோ பக்கத்தில் குந்தியிருந்தான். பொழுது சாய்கிற நேரத்தில்தான் பேசினான்.

"போயிடலாம் வா. தோணி தயாரா இருக்கு."

"போயி?"

"அவனுக்கு மேடுதானே வேணும்? உக்காந்துக்கட்டும். குளிர்காத்து அடிச்சா தானா எறங்குவான். நமக்கென்ன, நம்ம கரையில நண்டு கொழுத்துக் கெடக்குது."

எங்கள் ஜனம் எப்போதும் செய்வது அதுதான். எவனாவது தலைக்குமேல் ஏறினால் அவனை விட்டுவிட்டு நகர்ந்துவிடுவது. இத்தனை காலமும் அது போதுமானதாக இருந்தது.

"அடுத்த வருஷம் இங்க வருவோம்ல?" என்று கேட்டாள் மிஷோலா.

"வருவோம்."

"அவன் அங்கயே இருப்பான். பக்கத்துல இன்னும் நாலு ஈட்டி நிக்கும். நம்ம புள்ளைங்க கீழ நின்னு அண்ணாந்து பாக்கும். அதுக்கு அடுத்த வருஷம், இதுதான் வழக்கம்னு அதுங்களுக்குப் பழகிடும். நாம வேற எடத்துக்குப் போகலாம் ஒலோ. இந்த மண்ணைக் கட்டித் தூக்கிட்டுப் போக முடியுமா? நாம போனா இது அவனுதா ஆயிடும்."

"ஒத்தக் கையை வெச்சுட்டு என்ன பண்ணுவே?"

"ஒரு கூடை தூக்குவேன்."

ஒலோ நெருப்பைக் கிளறினான். "பிடிவாதக்காரியைக் கட்டிக்காதேன்னு எங்கம்மா அப்பவே சொன்னா," என்று முணுமுணுத்தான். அவள் வலியோடு சிரித்தாள்.

விடிந்ததும் அவள் பள்ளத்தில் இருந்தாள். ஒரு கையால் கொம்பைப் பிடித்துக் கிளறுவது வேலைக்காகவில்லை. நெப்பி வந்து கொம்பைப் பிடுங்கி, மண்ணை வெட்டி, அவள் கூடையில் பாதி போட்டாள். தன் கூடையில் விளிம்புவரை போட்டுக்கொண்டாள்.

"உனக்கென்ன வந்துச்சு?" என்றாள் மிஷோலா.

"எனக்கும் மேடு உயரம் பத்தலைன்னு தோணுது."

ஒலோ மூன்றாவதாக வந்தான். அவனுக்குப் பின்னால் பிசின் ஒட்டிய கையோடு தோணிக்காரர்கள் வந்தார்கள். யாரும் கூட்டம் போட்டுப் பேசவில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் கூடையைத் தேடிப் போனார்கள், அவ்வளவுதான். கூடை கிடைக்காதவர்கள் தோலை விரித்து அதில் மண்ணைக் கட்டினார்கள்.

சரிவில் தாஷ்கு நின்றிருந்தான். இரவெல்லாம் தூங்காத கண்கள். அவன் மறுபடி ஈட்டியைக் குறுக்கே பிடித்தான்.

"நில்லுக்கா."

மிஷோலா நின்றாள். மூச்சு வாங்கியது. நெற்றிவார் தோலை அறுத்தது.

"தள்றதுன்னா இந்தப் பக்கம் தள்ளு," என்றாள். "அந்தப் பக்கம் ஏற்கெனவே ஒடஞ்சிருக்கு."

தாஷ்குவின் முகம் சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் ஆகிற மாதிரி ஆனது. அவன் வழி விடவில்லை, தடுக்கவும் இல்லை. அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். ஈட்டி பக்கத்தில் விழுந்து கிடந்தது. அவள் அவனைச் சுற்றிக்கொண்டு ஏறினாள்.

உச்சியில் காற்று பலமாக இருந்தது. கூரை இன்னும் வேயவில்லை. கம்பங்களுக்கு நடுவே அடுப்பு எரிந்தது, ஹேயுனின் மனைவி மீன் வாட்டிக்கொண்டிருந்தாள். மிஷோலா நேரே போய் அடுப்பின்மேல் மண்ணைக் கவிழ்த்தாள். புகையும் தூசியும் எழுந்தன. கடைசி நொடியில் ஹேயுனின் மனைவி மீனைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"என்ன பண்றே?" என்றான் ஹேயுன். சத்தமாகப் பேசவில்லை. அவன் குரலுக்குச் சத்தம் தேவைப்பட்டதே இல்லை.

"வேலை."

"வேலை முடிஞ்சுதுன்னு நான் சொல்லிட்டேன்."

"நீ சொன்னே. எனக்கு உயரம் பத்தலை."

அவன் கிழக்கே ஓடையைக் காட்டினான். அங்கிருந்து பார்த்தால் வளைவுகளைத் தாண்டி, தொலைவில் பெரிய ஆறு ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. "இங்க நின்னாத்தான் தண்ணி வர்றது தெரியும். யாராவது ஒருத்தன் பாத்துட்டே இருக்கணும். என் தம்பி போனப்ப யாரும் பாக்கல."

மிஷோலாவுக்கு அவன்மேல் இருந்த கோபம் ஒரு கணம் தளர்ந்தது. அவன் தம்பியை அவளுக்கும் தெரியும். நல்ல நீச்சல்காரன்.

"பாக்கணும்தான்," என்றாள். "முறை போட்டுப் பாப்போம். நானும் பாக்கறேன். அதுக்கு வீடு எதுக்கு? தொடைக்கறி எதுக்கு? என் தம்பி கையில ஈட்டி எதுக்கு?"

"நான் இல்லன்னா இந்த மேடே இல்ல."

"ஆமா. நீ இல்லன்னா இல்ல. இதோ வர்றா பாரு நெப்பி, அவ இல்லன்னாலும் இல்ல. எறங்கு ஹேயுன்."

அதற்குள் நெப்பி வந்து தன் கூடையைக் கொட்டினாள். பின்னாலேயே ஒலோ. "கொஞ்சம் தள்ளிக்க மச்சான், கால்ல விழுது," என்று சொல்லிவிட்டு நாணல் தட்டியோரமாகக் கவிழ்த்தான். அடுத்தவர், அதற்கடுத்தவர். சரிவு முழுக்கத் தலைகளாகத் தெரிந்தன.

ஹேயுனின் மைத்துனன் ஒருவன் ஈட்டியை ஓங்கினான். நெப்பி வெறும் கூடையை உதறிக்கொண்டே அவனைப் பார்த்தாள். "குத்து. என்னைக் குத்தினா எனக்குப் பின்னாடி என் மாமியார் வர்றா. அவளை மட்டும் தவறாம குத்திடு, உனக்குப் புண்ணியமாப் போகும்."

வரிசையில் யாரோ பக்கென்று சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு சரிவில் கீழ்வரைக்கும் போனது. ஓங்கிய கை அப்படியே நின்று, பிறகு தானாகத் தாழ்ந்தது.

மத்தியானத்துக்குள் அடுப்பு இருந்த இடம் தெரியவில்லை. தட்டிகள் மண் பாரத்தில் உள்ளே சாய்ந்தன. ஹேயுனின் மனைவி பாயை உதறிச் சுருட்டி, மீனைத் தின்று முடித்து முள்ளை எறிந்துவிட்டு, "நான் கீழ போறேன்" என்று சொன்னாள். சொன்னபடியே இறங்கிப் போனாள். மைத்துனர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள். ஹேயுன் மட்டும் நடுவில் நின்றான். யாரும் அவனைத் தொடவில்லை, திட்டவும் இல்லை. அவனைச் சுற்றிக் கொட்டினார்கள். மண் கணுக்காலுக்கு வந்தது, பிறகு முழங்காலுக்கு.

மிஷோலா கூடை தூக்குவதை நிறுத்தி ஓரமாக உட்கார்ந்திருந்தாள். தோள் தீயாக எரிந்தது. அவன் கண்களில் முதலில் இருந்த கோபம் போய், யாரும் தன்னைப் பார்க்கவில்லையே என்ற திகைப்பு வந்ததை அவள் கண்டாள். அவள் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் அவன் ஒரு காலை உருவினான். பிறகு இன்னொன்றை. வரிசைக்கு எதிராக இறங்கியபோது ஒலோ தன் வெறுங்கூடையை நீட்டினான். "இந்தா. ஒரு நடை போட்டுட்டு வாயேன். பொழுது இருக்கு."

ஒலோ அதைக் கேலியாகச் சொல்லவில்லை. ஹேயுன் அந்தக் கூடையை வெகுநேரம் பார்த்தான். அவன் கை அசைந்ததுபோல்கூட மிஷோலாவுக்குத் தோன்றியது. ஆனால் வாங்கவில்லை. கீழே போய், மனைவியையும் மைத்துனர்களையும் கூட்டிக்கொண்டு, பொழுது இறங்குமுன் வடக்கே தோணியைத் தள்ளிவிட்டான்.

கம்பங்களைப் பிடுங்கி விறகாக்கினார்கள். கொட்டிய மண்ணை மிதித்துச் சமன் செய்தார்கள். அடுத்த நாளிலிருந்து பிள்ளைகள் உச்சியில் ஏறி, தோலில் உட்கார்ந்து சரிவில் வழுக்கிக்கொண்டு வந்தன.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல முடியாது. அடுத்த கூட்டத்துக்கும் அதற்கடுத்த கூட்டத்துக்கும் வடக்குக் கல் வரவில்லை. தேய்ந்த முனைகளையே தீட்டித் தீட்டி, மான்கொம்பையும் முதலைப் பல்லையும் கட்டிக்கொண்டு வேட்டைக்குப் போனார்கள். "உன் கோவத்தால மொட்டை ஈட்டியோட அலையறோம்" என்று மிஷோலாவின் முகத்துக்கு நேராகவே சொன்னவர்கள் உண்டு. "அப்ப மீன் பிடிங்க" என்றாள் அவள். அவள் கை தோளுக்குமேல் அப்புறம் எழவே இல்லை. வலையை வீச வேறொருவரைக் கூப்பிட வேண்டியிருந்தது. அது அவளுக்குக் கடைசிவரை பழகவில்லை, ஒவ்வொரு முறையும் கோபம் வந்தது.

அந்த வருஷம் அவர்கள் ஊர் திரும்பிய காலையில் ஓடையின்மேல் பனி படிந்திருந்தது. ஒலோ பொருட்களைத் தோணியில் ஏற்றினான். தாஷ்கு கரையில், கொஞ்சம் தள்ளி நின்றிருந்தான். வழி விட்டுக் கொடுத்தவன் என்று ஹேயுனின் ஆட்கள் அவனைத் தங்கள் தோணியில் சேர்க்கவில்லை. அக்காவைத் தள்ளியவன் என்று மற்றவர்களும் அவனோடு சாப்பிடவில்லை. நாலைந்து நாளாகத் தனியாகத்தான் நெருப்பு மூட்டியிருந்தான். ஆந்தை தொங்கிய கழுத்து வெறுமையாக இருந்தது.

"அக்கா," என்றான்.

மிஷோலா தோணிக்குள் ஒரு கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, நான்..."

"இப்ப எதுவும் சொல்லாதே," என்றாள். "நீ சொன்னா நான் சரின்னு சொல்லணும். எனக்குச் சரின்னு சொல்ல வரல."

ஒலோ துடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கும் வயதாகிவிட்டது. தனியாகத் துடுப்புப் போட்டுக் கடல்வரை போவது லேசில்லை.

தண்ணீரில் ஒரு மீன் துள்ளி விழுந்தது. மிஷோலா நெடுநேரம் எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பின்னால உக்காந்து தள்ளு," என்றாள் கடைசியில், திரும்பிப் பார்க்காமல். "எங்க கரை வர்றவரைக்கும் என்கிட்ட பேசாதே."

தாஷ்கு தண்ணீரில் இறங்கித் தோணியைத் தள்ளிவிட்டு, ஏறிப் பின்னால் உட்கார்ந்தான்.